என் அப்பா பெயரில் ஒரு சொல்

எங்கள் வானத்தில் ஓர் அரசாங்கமே நடக்கிறது. மதில் சூழ்ந்த அரண்மனை, அமைச்சர்கள், சந்தை, சிறை எல்லாமே விண்மீன்கள்தான். கக்கூஸ்கூட ஒன்று உண்டு. அதற்குக் கீழே கிடக்கும் ஒற்றை மீனுக்கு என்ன பெயர் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மீன் மங்கினால் இங்கே ஒருவருக்குப் பதவி போகும். அதைப் பார்த்து எழுதுவது எங்கள் குடும்பத்து உத்தியோகம்.

சீனத் தலைநகர் கைஃபெங்கில் வானம் பார்க்க இரண்டு அலுவலகங்கள். ஒன்று அரண்மனைக்கு உள்ளே, இன்னொன்று வெளியே. யாரும் பொய் எழுதக் கூடாது என்று இந்த ஏற்பாடு. இரண்டு அறிக்கைகளும் விடிந்ததும் முத்திரையோடு போகும், அதிகாரி ஒப்பிட்டுப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் யாரோ ஒருவர் தொலைந்தார். அதனால் உள்ளே எழுதும் பாங் ஜியும் வெளியே எழுதும் நானும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வோம். பாங் ஜி என் மனைவி ரோங்கின் அண்ணன். வாயிற்காவலர்கள் அவனுக்குப் பழக்கம். விடியுமுன் வெளியே வந்து என்னோடு ஆட்டுச் சூப் குடித்துவிட்டுப் போவான்.

அப்பா இறந்து, நூறு நாள் துக்கம் முடிந்து, அவர் உட்கார்ந்து எழுதிய இடத்தில் நான் உட்கார்ந்த பதினோராம் நாள் அது. அன்றுதான் செவ்வாய் நின்றுவிட்டது என்று உறுதியானது.

நின்ற இடம்தான் வினை. நெஞ்சு வீடு என்று நாங்கள் சொல்வதில் மூன்று மீன்கள். நடுவில் சிவந்திருப்பது சக்கரவர்த்தி. முன்னே இளவரசர், பின்னே மற்றப் பிள்ளைகள். செவ்வாய் அங்கே விருந்தாளி மாதிரி தங்கிப் போனால் பாதகமில்லை. காவலாள் மாதிரி நகராமல் நின்றால் சக்கரவர்த்தி உயிருக்கு ஆபத்து. அப்படி நிற்பதற்கு எங்கள் எழுத்தில் ஒரே ஒரு சொல்தான்: ஷௌ.

என் அப்பாவின் பெயரும் அதுதான்.

அப்பா பெயரை மகன் வாயால் சொல்லக் கூடாது, கையால் எழுதவும் கூடாது. சின்ன வயதில் ஒருமுறை நாக்குத் தவறிச் சொல்லி, அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். தூரிகையை எடுத்தேன். கை போகவில்லை. ‘தங்கியது’ என்று எழுதினேன்.

“என்ன மாப்ள, மூஞ்சி வெந்த முட்டகோசு மாதிரி இருக்கு?” என்றான் பாங் ஜி, சூப்புக் கடையில்.

“பாத்தியா மச்சான்?”

“பாத்தேன். நாலு நாளா அசையல. நடுவுல இருக்கவரு பக்கத்துலயே.”

“தங்கிருக்கு. அப்படியே போட்டுக்க.”

அவன் கரண்டி நின்றது. பிறகு லேசாகச் சிரித்தான். “புரியுது. உன் வாயால அத எப்படிச் சொல்லுவ? நானும் உன் முன்னால சொல்லல, போதுமா? சூப்பக் குடி, ஆறிடப் போகுது.”

நானும் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பகலில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். ஒப்பிடும் அதிகாரி கத்தும் ஆளாக இருந்தால்கூடத் தேவலை. இரண்டு தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுருக்கம் போகத் தடவிவிட்டார். பாங் ஜியின் தாளில் அப்பாவின் பெயர் கறுப்பாக, தெளிவாக இருந்தது. நான் வாயால்தான் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன், தாளில் சரியாக எழுதியிருப்பேன் என்று அவன் நினைத்திருக்கிறான்.

“ரெண்டு பேரும் ஒரே வானத்தத்தானேப்பா பாத்தீங்க?” என்றார் அதிகாரி. “ஒருத்தர் தங்கிருக்குங்கிறீங்க. ஒருத்தர் சக்கரவர்த்திக்கு நாள் குறிச்சிருக்கீங்க. எது நெசம்?”

உண்மையைச் சொல்லலாம். அப்பா பெயர் என்பதால் மாற்றினேன் எனலாம். ஆனால் சக்கரவர்த்தியின் முன் சொந்த வீட்டு மரியாதை செல்லாது என்பது சட்டம். அவருடைய உயிரைவிட என் அப்பா பெயர் எனக்குப் பெரிதாகப் போயிற்று என்றுதான் அர்த்தமாகும். அதற்குத் தலை மிஞ்சாது. சொல்லாவிட்டால், இல்லாத ஆபத்தை எழுதிச் சக்கரவர்த்தியின் சாவை விரும்பியவன் பாங் ஜி.

பாங் ஜி என்னைப் பார்த்தான். அவனுக்கும் அதற்குள் விளங்கியிருக்க வேண்டும். ‘இவன் அப்பா பெயர் ஐயா அது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிவிடுவான். சொன்னால் தங்கை தாலியறுப்பாள். உதட்டை மடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தான் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

எனக்குப் பயம். வேறு சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

“தங்கித்தான் இருந்துச்சுங்க ஐயா,” என்றேன்.

“போயிருமா?”

“போயிருங்க.”

மண்டியிட்டிருந்த பாங் ஜியை எழுப்பி, இரண்டு கைகளையும் பின்னால் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சந்தை முனையில் காரியம் முடிந்தது.

செவ்வாய் போகவில்லை. இன்னும் பதினேழு நாள் அங்கேயே நின்றது. நான் தினமும் ‘தங்கியது’ என்று எழுதினேன். உள்ளே பாங் ஜியின் இடத்துக்கு வந்த புது ஆளும் அதையே எழுதினான். எங்கள் அறிக்கைகள் அழகாகப் பொருந்தின. சக்கரவர்த்தி நலமாகவே இருக்கிறார்.

ரோங் பல நாள் அழுதாள். நேற்று அப்பாவின் நினைவுப் பலகைக்கு முன் ஊதுபத்தி ஏற்றிவிட்டு, அங்கேயே நின்றபடி என்னிடம் கேட்டாள்.

“ஏங்க, தலைய எடுக்குற அளவுக்கு எங்கண்ணன் அப்படி என்னதான் எழுதினாரு?”

பலகையில் அந்த எழுத்து இருந்தது. அவள் அதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“தெரியாது,” என்றேன்.