பத்தாவது ஆள்

துனிஸ் துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சின்ன யூத ஜெபக்கூடத்தில், சடங்கு முடிந்ததும் பரிமாற அவித்த முட்டையும் அத்திச் சாராயமும் மேசையில் தயாராக இருந்தன. லெயா இறந்து அன்றோடு ஒரு மாதம். சூரியன் மறைவதற்குள் அவள் கணவன் நிசீம் இறந்தோருக்கான துதியைச் சொல்ல வேண்டும். அதைத் தனியாகச் சொல்ல முடியாது. அவனையும் சேர்த்து யூத ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள்.

"கஸ்தோனை எங்கடா காணோம்? முட்டைன்னா முதல் ஆளா வந்து நிப்பானே," என்றார் ஒரு கிழவர். யாரும் சிரிக்கவில்லை.

வெளியே பெருங்கூட்டம். எங்கோ நடக்கும் போரைச் சொல்லி, முந்தின வாரம் யாரோ கூடத்தின் ஜன்னலில் கல்லெறிந்திருந்தார்கள். அதைக் கண்டித்து அக்கம்பக்கத்து முஸ்லிம்கள் மல்லிகைச் செண்டுகளோடு வந்து நின்றார்கள். முன்வரிசையில் மீன்கடை ஹெடி.

நிசீம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கஸ்தோன் வீட்டுக்கு நடந்தான். ஹெடியும் கூடப் போனான்.

கதவு ஒரு கையளவு திறந்தது. யூதர் வீட்டு வாசற்காலில் இருக்கும், வேதவசனம் வைத்த சிறு குழலைக் காணோம். ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

"மாமா, நீங்க ஒருத்தர் வந்தாப் போதும்," என்றான் நிசீம்.

"தெரியும்டா. லெயா என் கண்ணு முன்னாடி வளர்ந்த பொண்ணு. ஆனா என்னால முடியல." கஸ்தோன் ஹெடியைப் பார்த்தார். "கல்லுக்குப் பயந்து இல்ல. அதுக்கு முந்தியே உன் கடை வாசல்ல சில பசங்க என் தொப்பியைத் தட்டிவிட்டானுங்க. நான் குனிஞ்சு எடுத்தப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சே, ஹெடி."

"சும்மா விளையாட்டுக்குத்தானே, பெரியவரே. வாங்க, நான் கூட வர்றேன். எவன் தொடுறான்னு பாத்துடலாம்."

"இன்னைக்கு வருவே. நாளைக்கு ரொட்டி வாங்கப் போறப்ப?"

கதவு மூடிக்கொண்டது.

திரும்பும் வழியில் ஹெடி நின்றான். "தம்பி, நானே உள்ள வந்து நிக்கிறேன். ஆள் கணக்குதானே?"

"நீங்க கணக்குல வர மாட்டீங்க, அண்ணே."

"லெயா பெட்டிக்கு நான் தோள் குடுக்கலையா?"

"குடுத்தீங்க. இதுக்கு யூதன்தான் வேணும்." நிசீமின் குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

கூட்டத்தில் ஒரு பெண் அவன் கையில் செண்டைத் திணித்தாள். "நாங்க இருக்கோம்பா." அவன் வாங்கிக்கொண்டான். சூரியன் மறைந்தது. உள்ளே கிழவர் முட்டைத் தட்டைத் துணியால் மூடினார்.

"என்ன ஆச்சு? ஏன் இன்னும் ஆரம்பிக்கல?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆள் பத்தல," என்றான் ஹெடி.

"இத்தனை பேர் இருக்கோமே?"

"இருக்கோம். கஸ்தோனைத்தான் காணோம். என் கடை வாசல்ல அவரைக் கேலி பண்ணினப்ப நான் சிரிச்சேன். அதான் அவர் வரல."

"நாம கல்லெறியலையே?"

"எறியல. கல்லு விழுந்தப்புறம் பூவோட வர்றது சுலபம். கேலி பண்ணுறப்பவே, சிரிக்காம, 'விடுடா'ன்னு சொல்லணும். அதை நாம சொல்லல."

கூட்டம் மெல்லக் கலைந்தது. நிசீம் துதி சொல்லாமலே வீடு திரும்பினான்.