கிண்ணத்தில் மிஞ்சிய பெற்றோல்

1

இந்தக் கதை ஒரு மணத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கீழ்வீட்டில் நாகேந்திரமும் மனைவி ஜெகதீஸ்வரியும் இருந்தார்கள். அவர் தபாற்கந்தோரில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தகப்பனார் விட்டுப்போன 1930ஆம் ஆண்டு பேபி ஒஸ்டின் கார் வாசலில் நிற்கும். நின்றபடியே பெற்றோல் ஒழுக்கும்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘1997 வைகாசியில், ஒரு பொன்னான காலையில்...’ பொன்னாவது மண்ணாவது. அந்த வருஷம் எங்களுக்கு எந்தக் காலை பொன்னாக விடிந்தது? வெட்டிவிட்டேன்.

2

அந்தக் காருக்குப் பெற்றோல் தாங்கி எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. பெற்றோல் தானாகவே கீழே இறங்கும். அதை மறிக்க ஆதியில் இருந்த வால்வை யாரோ எப்போதோ கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயைப் பூட்டியிருந்தார்கள்.

மாடியில் ஒருவன் வாடகைக்கு இருந்தான். (பெயர் பிறகு.) யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கே தங்குவதற்குப் பொலிஸ் தந்த பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தூங்குகிறவன். அந்த மணம் பொறுக்காமல் ஒருநாள் கீழே இறங்கிவந்தான்.

“அண்ணை, றோட்டு வரைக்கும் பெற்றோல் மணக்குது. ஆரும் பொலிசுக்குப் போன் அடிச்சால் முதலிலை என்னைத்தான் அள்ளுவாங்கள்.”

“அது ஒஸ்டின்ரை வேர்வை, தம்பி,” என்று நாகேந்திரம் சிரித்தார். ஆனாலும் வந்த சனிக்கிழமை அவனையும் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

3

கராஜ்கார ஒஸ்வால்ட் குழாயை நடுவில் வெட்டி, சாரதியின் கால்மாட்டில் ஒரு பித்தளை வால்வைப் பொருத்தினார். பழைய காருக்குள் அது மட்டும் புதிதாகப் பளபளத்தது.

“சேர், ஒரு சங்கதி. இத பூட்டியிருந்தாலும் கார் ஸ்டார்ட் ஆகும். காபரேற்றர்க் கிண்ணத்தில ஒரு வாய் பெற்றோல் மிஞ்சி நிக்கும். அதில இருநூறு யார் தூரம் ஓடும். பொறகு செத்துடும். தொறந்தாச்சான்னு பாத்துட்டு எடுங்க.”

“அறுபது வருஷமாப் பூட்டாத வண்டி. எனக்கெங்கை ஞாபகம் நிக்கப்போகுது?”

(ஒரு பிரதியில் ஒஸ்வால்ட் இந்த இடத்தில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பொய். அவர் கையைத் துடைத்துவிட்டு மீன் பணிஸ் சாப்பிட்டார்.)

4

நாகேந்திரம் சொன்னபடியே மறந்தார். வால்வு திறந்தபடி கிடந்தது, மணமும் போகவில்லை. ஆகவே மாடிக்காரன் அந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். பின்னேரம் இறங்கிவந்து பூட்டுவான். காலையில் அவர் காரை எடுக்கமுன் திறந்துவிடுவான். மூன்று கிழமையில் அது வழக்கமாகிவிட்டது. அவர் அந்த வால்வைத் தொடுவதேயில்லை; இந்த ஏற்பாடு ஜெகதீஸ்வரிக்குத் தெரியாது.

அவன் அவன் என்று எழுதியது போதும். அது நான்.

அந்த வியாழக்கிழமை புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியைப் பார்க்க முதல் பஸ்ஸில் போனேன். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது நினைவு வந்தது: வால்வைத் திறக்கவில்லை. இறங்கித் திரும்பினால் இன்னும் இரண்டு இடத்தில் என்னை மறிப்பார்கள். கார் நின்றால் அவருக்கே விளங்கும்தானே என்று இருந்துவிட்டேன். சீற்றில் நல்ல காற்று.

5

ஜெகதீஸ்வரியின் மூக்குக்கண்ணாடிக்குக் கால் முறிந்திருந்தது. அதைச் சரிசெய்யக் கொடுக்க நாகேந்திரம் காரை எடுத்தார். கார் உடனே ஸ்டார்ட் ஆனது. வாசலிலிருந்து காலி வீதிச் செக்பொயின்ற் வரை இருநூற்றுப் பத்து அடி வைப்பு. பிறகு நான் நடந்து எண்ணிப் பார்த்தது.

மண்மூட்டைகளுக்கு நேரே ஒஸ்டின் இருமியது, நின்றது. வால்வு பூட்டியிருக்கிறது என்று அவருக்கு உடனே விளங்கியது. அதைத் திறக்கக் குனிந்தார்.

செக்பொயின்றில் நின்றுபோன காருக்குள், கால்மாட்டில் எதையோ தேடிக் குனிகிற ஒரு தமிழன். ஆமிக்காரனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“அத் உஸ்ஸபங்!”

கையைத் தூக்கு. முப்பது வருஷம் கவுண்டரில் சிங்களம் பேசியவருக்கு அது விளங்காமல் இல்லை. இன்னும் ஒரு திருகுத்தான் என்று அவர் நினைத்தி... (அவர் நினைத்தது எனக்குத் தெரியாது.)

எதிர்க்கடைக்காரர் கண்டது இது: அவரை இழுத்து வெளியே போட்டார்கள். காருக்குள் குனிந்து பார்த்தார்கள். பழைய காரில் புதுப் பித்தளை, வெட்டிய குழாய். ஜீப் வந்தது. ஏற்றினார்கள். ஜீப் திரும்பிய திசை...

6

ஆமிக்காரர்கள் சிரித்துக்கொண்டே காரைத் தள்ளிவிடுகிறார்கள், அவர் கண்ணாடியோடும் இரண்டு றாத்தல் பாணோடும் வீடு திரும்புகிறார். இந்த முடிவை மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் ஜெகதீஸ்வரி அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கிழித்தேன்.

மற்ற முடிவை எழுத எனக்கு உரிமையில்லை. அவர் இறந்துவிட்டார் என்று எந்தக் கந்தோரும் இன்றுவரை அக்காவுக்குச் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை.

“அந்த மனுசன்ரை மறதி, தம்பி. நீர் எத்தினை தரம் சொன்னனீர்! ஒருக்காத் திறந்துபோட்டு எடுத்திருந்தால்...”

பதினொரு வருஷமாக அக்கா தன் புருஷனைத்தான் கோபிக்கிறார். நானும் அவர் தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு “ஓம் அக்கா” என்கிறேன். வெட்கம் கெட்டவன் நான்.

7

கண்ணாடி காரோடு போய்விட்டது. வேறு செய்விக்க அக்கா சம்மதிக்கவில்லை. அவர் அதைக் கொண்டுவருவாராம். ஆகவே நான் எழுதியது எது அச்சில் வந்தாலும் யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். இதுவும் அவரிடம் போகும். வாசிக்கப் போகிறவர் நீங்களாக இருக்கலாம்.

மூன்றாம் பகுதியிலிருந்து நேரே ஐந்துக்குப் போய், அதோடு நிறுத்தினாலும் கதை அறுபடாது. அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். அப்போது நாகேந்திரம் மறதிக்காரராகவே இருப்பார், எனக்கும் தேத்தண்ணி கிடைக்கும். நாலாம் பகுதியை வாசித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. என் வாயால் சொல்ல முடியாததால்தான் இவ்வளவும் எழுதினேன்.

அக்காவுக்கு வாசித்துக்கொண்டு வந்து, இப்போது மூன்றாம் பகுதியை முடித்திருக்கிறீர்கள். ஒஸ்வால்ட் பணிஸைச் சாப்பிட்டு முடித்துவிட்டார். அக்கா முகத்தை உங்கள் பக்கம் திருப்புகிறார்.

“பிறகு?” என்கிறார்.