யோஸ்ட் பட்டியில் டெல்லின் கயிறு

1

2019 மார்ச் 14, இடாஹோ, சால்மன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. டெல் ஆஸ்ட்ராண்டர், தன் குடும்பம் மூன்று தலைமுறையாக வைத்திருந்த மலை மேய்ச்சல் உரிமத்தைத் தானாகவே விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார். ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அவருக்கு ஈடு கொடுத்தது. இனி அந்த மலையில் எவருடைய மாடும் மேயாது.

கதை அங்கே தொடங்கவில்லை. மே மாதம் அவருடைய வண்டியின் முன் இருக்கையில், கன்று பிடிக்கும் ஒரு புதுக் கயிற்றைப் பார்த்தேன். அங்கேதான் தொடங்கியது.

2

நான் எழுதிப் பார்த்த முதல் வரி: ‘ஓநாய்கள் அந்த ஆண்டு கன்றுகளை...’

(அடித்துவிட்டேன். ஓநாய் வந்துவிட்டால் வாசகர் வேறு எதையும் பார்க்கமாட்டார்.)

இன்னொன்று: ‘மகன் இறந்தபின் மலைக்கு மாடு ஓட்ட ஆளில்லாமல்...’

(உண்மை. ஆனால் டெல் இதை யாரிடமும் சொன்னதில்லை. கதையும் சொல்லக் கூடாது என்றிருந்தேன். சொல்லிவிட்டேன்.)

3

பக்கத்துப் பண்ணைக்காரர் மெரில் யோஸ்ட்டை வில்லனாக எழுத வரவில்லை. ஒரு மலையை மேய்ச்சலுக்கு மூடினால் அடுத்தது தன்னுடையது என்ற பயம் அவருக்கு.

மே மாதம் அவர் பட்டியில் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடுவார்கள். அக்கம்பக்கத்தார் உதவிக்கு வருவார்கள். குதிரைமேல் இருந்து கயிறு வீசிக் கன்றைப் பிடிப்பது யார் என்பதைப் பட்டிக்காரர்தான் சொல்ல வேண்டும். அது மரியாதை. முப்பது ஆண்டுகளாக முதல் கயிறு டெல்லுடையது.

டெல் வண்டியிலிருந்து குதிரையை இறக்கினார்.

“குதிரைய வேற இழுத்துட்டு வந்தியா? அதுக்கும் விருப்ப ஓய்வு குடுத்திருப்பேன்னுல்ல நெனச்சேன்” என்றார் யோஸ்ட். இரண்டு பேர் சிரித்தார்கள்.

“அது எதுலயும் கையெழுத்துப் போடலையே, மெரில்.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

“சரி சரி, வெயில் ஏறுது. நீ ஊசி போட்டுடுப்பா. கயிறு வீச ஆளுங்க இருக்காங்க.”

(தடுப்பூசி, முதல்முறை வரும் விருந்தாளிக்குக் கொடுக்கும் வேலை. டெல்லுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.)

4

ஒரு முடிவு: டெல் குதிரையை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

இன்னொரு முடிவு: மதியச் சாப்பாட்டுக்குப் பின் யோஸ்ட், “வாடா, ரெண்டு கன்னாவது பிடி” என்கிறார். இதைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் யோஸ்ட் பாதியிலேயே...

வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் வேலியருகே நின்று பார்த்தது இவ்வளவுதான்: டெல் மாலைவரை ஊசி போட்டார். குதிரை சேணத்தோடு கட்டிய இடத்திலேயே நின்றது.

அடுத்த மே மாதம் அவரை யாரும் கூப்பிடவில்லை.