மரத்த விரல்கள்

வார்ப்படப் பட்டறையில் அவனை எல்லோரும் மத்தாப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்பு வார்ப்புகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைக் கை கிரைண்டரால் தேய்த்து எடுப்பது அவன் வேலை. ஷிஃப்ட் முழுக்கத் தீப்பொறிக்கு நடுவே நிற்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

கிரைண்டரின் அதிர்வு, வேலை முடிந்த பிறகும் முழங்கை வரை ஓடிக்கொண்டிருக்கும். போகப் போக அதுவும் நின்றது. குளிர்ந்த காலைகளில் விரல் நுனிகள் வெளுத்தன. சட்டைப் பித்தான் அகப்படாமல் போக்குக் காட்டியது. அவன் பனியனுக்கு மாறிக்கொண்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு சாயங்காலம் மகள் சோர்ந்து படுத்திருந்தாள். அடுப்படியில் கைவேலையாக இருந்த மனைவி, உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நெற்றியில் கை வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான்.

சற்று நேரத்தில் பிள்ளைக்குக் கைகால் வெட்டி இழுத்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் காய்ச்சலை இறக்கிவிட்டு, இனி பயமில்லை என்றார். இவ்வளவு சூட்டோடு எப்படி விட்டு வைத்தீர்கள் என்றும் கேட்டார். மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்.

"நெஜமாவே தொட்டுப் பாத்தீங்களா?"

"தொட்டேன். விரல்ல எதுவும் தெரியறதில்ல. ரொம்ப நாளாச்சு."

அவள் நம்பவில்லை. அவன் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஆள்காட்டி விரல் நுனியில் நகத்தை வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"எது?" என்றான்.

அவள் அழுதாள். அவனுக்கு அழுகை வரவில்லை. அவள் தோளில் கை வைக்க வேண்டும் என்று தோன்றியது, வைத்தான்.

மறுநாள் விஷயத்தைச் சொன்னபோது ஃபோர்மேன் மழுப்பப் பார்த்தார். மனைவியும் கூடவே வந்து நின்றதால் அவர் பருப்பு வேகவில்லை. அவனை டிரம் பிரிவுக்கு மாற்றினார். சின்ன உருப்படிகளையும் தேய்ப்புக் கற்களையும் சேர்த்துக் கொட்டி மூடிவிட்டால் போதும். டிரம் சுழன்று சுழன்று தானே மெருகேற்றிவிடும். கை அதிராது. பொறியும் பறக்காது.

போன உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று அவனைச் சோதித்துப் பார்த்த டாக்டரால் சொல்ல முடியவில்லை.

புது வேலை பிடித்திருக்கிறதா என்று மனைவி கேட்டாள். யோசித்துப் பார்த்தான்.

"பிடிக்கலன்னு இல்ல" என்றான். பிறகு சாப்பிட உட்கார்ந்தான்.