பிரம்புத் தட்டிக்கு ஓர் அட்டை

1

அம்மா அடித்தாள் என்றே இருந்துவிட்டுப் போகட்டும், இனி யாருக்கு என்ன நஷ்டம் என்று தங்கை நினைத்துக்கொண்டாள். அவள் மடியில் கம்பளம் தட்டும் பிரம்புத் தட்டி கிடந்தது. கை நீளத்துக்குப் பிடி. நுனியில் பிரம்பை வளைத்து வளைத்துப் பின்னிய பெரிய பூ. அந்தப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு

பத்து நாளாகக் கதை இந்த இடத்தில் நிற்கிறது. [தங்கை என்பது நான்தான். 'அவள்' என்று தள்ளி உட்காரவைத்தால் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது. வேறு லாபம் இல்லை.]

2

இதைக் கதை என்று யாரும் கேட்கவில்லை. அக்கா கேட்டது அட்டைகள்.

கம்பளம் சுத்தம் செய்து கொடுப்பது அவள் தொழில். இப்போது எல்லாம் இயந்திரம். புதுக் கடையின் முன்னறைச் சுவரில் எங்கள் வீட்டில் புழங்கிய பழைய சாமான்களை மாட்டியிருக்கிறாள். ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி வேண்டும், எழுதுகிறவள் நீதானே என்றாள்.

மற்றவை சுலபமாக வந்தன. அடியில் உருளும் பிரஷ் வைத்த மரத் தள்ளுப்பெட்டிக்கு எழுதினேன். கம்பளத்தின் ஓரக் குஞ்சங்களைச் சிக்கெடுக்கும் இரும்புச் சீப்புக்கு எழுதினேன். முரட்டு மயிர் பிரஷுக்கு எழுதும்போது, பிழிந்த தேயிலைச் சக்கையைத் தூவி அதோடு சேர்த்துத் தூசியைக் கூட்டுவோமே, அதையும் சேர்த்தேன். தட்டியிடம் வந்ததும் நாலு வரி நாலு பக்கம் ஆகிவிட்டது.

3

முதல் வரைவிலிருந்து:

"அம்மா கம்பளத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டுத் தட்டியோடு உள்ளே வந்தாள். சின்னவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கினாள்."

கை நிற்காமல் எழுதிய வாக்கியங்கள். அப்படி வருவதைச் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சந்தேகிக்கவில்லை. அம்மா என்று எழுதினால் வாசிக்கிற உங்களுக்கும் வேலை மிச்சம். களைத்து வந்த தாய், கோபம், அடி, பிறகு கண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம்.

ஆனால் அந்த நேரத்தில் அம்மா வீட்டில் இருந்ததே இல்லை. ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் கூடத்துக்கு விடியலில் போனால் இருட்டித்தான் வருவாள். எங்களை அவள் ஒருநாளும் அடித்ததில்லை. கை ஓங்கத் தெம்பு இருந்திருக்காது என்று ஒரு வரி எழுதி, நீக்கிவிட்டேன். [தெம்பு இருந்த நாட்களிலும் அவள் ஓங்கவில்லை.]

4

அடித்தது அக்கா.

அப்போது அவளுக்குப் பதினாலு, எனக்கு ஒன்பது. பள்ளியை நிறுத்திவிட்டு, வீடு வீடாகக் கம்பளம் வாங்கிவந்து சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அந்த வேலையில் ஒரு விதி உண்டு. கொடியில் போட்ட கம்பளத்தை முதலில் பின்பக்கம் தட்ட வேண்டும். மண் முன்பக்கமாக உதிர்ந்துவிடும். முகத்தில், அதாவது முன்பக்கத்தில், முதலில் தட்டினால் மண் அடிவரை இறங்கி முடிச்சுகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் கெஞ்சினாலும் வராது.

நீதிபதி வீட்டுக் கம்பளத்தை என்னிடம் விட்டுவிட்டு அவள் வெளியே போயிருந்தாள். நான் முகத்தில் தட்டினேன். சிவப்பும் நீலமுமாகப் பறவைகள் இருந்தன. பார்த்துக்கொண்டே தட்டலாமே என்றுதான்.

திரும்பி வந்தவள் கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டி விரலால் அழுத்திப் பார்த்தாள். நான் உள்ளே ஓடினேன். முதுகில் இரண்டு அடி. மூன்றாவதுக்கு விலகினேன். தட்டி கட்டில் காலில் பட்டு, பூவில் ஓர் இதழ் முறிந்தது.

அக்கா முதலில் அந்த முறிவை நூலால் சுற்றிக் கட்டினாள். பிறகு என் முதுகில் ஈரத்துணி போட்டாள். [வரிசையை மாற்றி எழுதிப் பார்த்தேன். நல்ல கதையாக இருந்தது.]

கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அக்கா அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நானாகவே சொன்னேன். அம்மா நம்பினாள்.

5

இங்கே அக்காவின் குணத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கல்நெஞ்சக்காரி என்று தொடங்கி, என் பள்ளிச் சம்பளத்தைக் கட்டியவள் என்று முடிந்தது. இரண்டும் ஒரே ஆளில் நிற்க மறுத்ததால் எடுத்துவிட்டேன். அவளே பேசட்டும்.

அட்டைகளை வாங்க வந்தவள் மேஜைமேல் கிடந்த முதல் வரைவை எடுத்துப் படித்தாள்.

"நாலு வரி கேட்டா நாலு பக்கம். உங்கிட்ட குடிக்கத் தண்ணி கேட்டா கெணறு வெட்டுவ" என்றாள். சிரித்தாள். பிறகு படித்ததையே மறுபடி படித்தாள். இம்முறை சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. இப்படியே விட்டுடு. இதுலேருந்தே நாலு வரி எடுத்து அட்டையில எழுதிக் குடு."

அம்மா அடிக்கவில்லையே என்றேன். அது தனக்குத் தெரியாதா என்று கேட்டாள். அவள் மகள் இப்போது கடையில் உட்காருகிறாள். தட்டியின் பூவில் அந்த நூல்கட்டு எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். தன் அம்மா, அதாவது அக்கா, யார்மேலும் கை வைக்காதவள் என்பது அந்தப் பெண்ணின் நினைப்பு. அது அப்படியே இருக்கட்டும் என்றாள். வேறெதுவும் தான் கேட்டதில்லை என்றும் சொன்னாள். அது உண்மை.

6

முடிவுகள்.

ஒன்று: நான் சம்மதிக்கிறேன். அட்டை சுவரில் ஏறுகிறது. அக்கா மகள் தினமும் அதைத் தாண்டிப் போகிறாள். தான் பிறக்கும் முன்பே இறந்துபோன ஒருத்தியைக் கொடுமைக்காரி என்று தெரிந்துகொள்கிறாள்.

இரண்டு: அக்கா என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். எழுதிவிட்டு ஒரு பகல் முழுக்க நிம்மதியாக இருந்தேன். சாயங்காலம் வாசித்தால், அதில் பேசியது அவள் இல்லை.

மூன்று: அக்கா தன் மகளிடம் தானாகவே

அதை எழுதும் உரிமை எனக்கு இல்லை. உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் நடந்ததோடு நின்றுகொள்கிறேன்.

அக்கா வெற்று அட்டையை என் முன்னால் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

"அவங்க போய்ச் சேந்து இருவது வருஷம் ஆச்சு. இனிமே அவங்களுக்கு என்னடி வலிக்கப் போகுது? கதைதானே, எழுதேன்."

பேனாவை வாங்கிக்கொண்டேன். அவள் விரல்களில் கடையின் சோப்பு வாசனை இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையையே பார்த்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மூடியைப் போட்டுப் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அம்மா மேல பழியப் போட மாட்டேன்க்கா" என்றேன்.