கீழ் அம்பு ஒரு தடவை

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கறிக்குழம்பில் கை வைத்த எதிர்வீட்டு ஜெபசிங், பாதியில் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றதை என் ஜன்னலிலிருந்தே பார்த்துவிட்டேன். கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். எங்கள் கொல்லையிலேயே மரம் இருக்கிறது, அது வேறு விஷயம்.

அவன் பெண்டாட்டி லோயிஸ் காதோடு சொன்னாள். திருப்பதியில் இவன் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபில் சர்வர் பழசு. முதலாளி கிருஷ்ணப்பா வாங்கியிருக்கிற புது சாஃப்ட்வேர் அதில் ஓடாதாம். உள்ளே மெஷினையே ஓட்டுகிற கர்னல் என்று ஒன்று இருக்கிறதாம், முதலில் அதைப் புதிதாக்க வேண்டுமாம். நேரில் வந்து செய் என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். சித்தூரிலிருந்து அவ்வளவு தூரம் எவன் பஸ்ஸில் தொங்குவான் என்று, தெருவுக்குப் புதிதாக வந்த பிராட்பேண்ட் தைரியத்தில் இவன் வீட்டிலிருந்தே வேலையை முடித்து, சர்வரை அணைத்து எழுப்பும் கட்டளையைத் தட்டிவிட்டுச் சோற்றில் உட்கார்ந்துவிட்டான். அணைந்தது சரி, எழும்போது பாதியில் சிக்கிக்கொண்டது. நான்கு மணிக்குக் கிருஷ்ணப்பா வந்து பார்ப்பார். ஓடினால், பையன் வந்து முடித்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைப்பார். ஓடாவிட்டால் வேலை போச்சு. மணி அப்போதே இரண்டரை.

ஸ்பீக்கரில் போட்டு லேபுக்குப் போன் அடித்தான். அங்கே இருந்தது தரை கழுவ வந்த சென்னம்மா மட்டும், அவள்தான் எடுத்தாள். போன மாசம் சர்வர் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள் என்று பத்து பேர் முன்னால் அவளைத் திட்டி, ஏசி ரூம் கதவில் ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டியவன் இவன்தான்.

“சென்னம்மாக்கா, அந்த மெஷின்ல ஒரு பட்டன் அமுக்கணும்.” அக்கா என்று அவன் வாயில் வந்ததை அன்றுதான் கேட்டேன்.

“நான் தொடமாட்டேன் சார். நீதான தொடாதன்னு சத்தியம் வாங்கிக்கின.”

லோயிஸ் அவன் தோளில் ஓர் இடி இடித்தாள்.

“தப்பு என்னுதுக்கா. அந்த பிளக்கே லூசாத்தான் இருந்துச்சி.”

“அந்தப் பத்து பேர் இருக்கசொல்ல சொல்லியிருக்கலாம்,” என்றாள் சென்னம்மா. “சரி, சொல்லு.”

பெரிய பட்டனை அழுத்திப் பிடித்தால் அணையும். மறுபடி அழுத்தினால் திரையில் இரண்டு வரி வரும், மேலே புது கர்னல், கீழே பழசு. பத்து எண்ணுவதற்குள் கீபோர்டில் கீழ் அம்பை ஒரு தடவை, பிறகு வலது பக்கத்துப் பெரிய கட்டையை அமுக்க வேண்டும். எழுத்து தெரியாது, அம்பு தெரியும் என்றாள். போன் இருப்பது முன் மேஜையில், மெஷின் உள்ளே. ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். நாங்கள் மூன்று பேரும் திருப்பதி மின்விசிறி சுற்றுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஜெபசிங்கின் விரல்களில் குழம்பு காய்ந்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது. காலையில் சர்ச்சில்கூட இவ்வளவு உருக்கம் இருந்திருக்காது.

“எழுத்து ஓடிக்கினே கீது சார்.”

கொஞ்ச நேரத்தில் இவன் திரையிலும் ஒரு வரி வந்தது. அப்படியே நாற்காலியில் சரிந்தான். லோயிஸ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். பழசுக்குள் நுழைந்து பார்த்தால், புதுசுக்கு டிஸ்க்கை அடையாளம் காட்டும் நிரல் துண்டைச் சேர்க்க ஐயா மறந்திருக்கிறார். சேர்த்தான். மூன்றரைக்குப் புதுசு தானாகவே எழுந்தது.

செவ்வாய்க்கிழமை சுகர் பார்க்கத் திருப்பதிக்குப் போனேன். சித்தூரில் லேபுக்குப் பஞ்சமில்லைதான். ஏசி ரூம் கதவில் அந்தக் காகிதம் அப்படியே இருந்தது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து சென்னம்மா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். கிருஷ்ணப்பாவிடம் சொன்னாயா என்று மெல்லக் கேட்டேன்.

“எத்த?” என்றாள்.

சர்வரின் பச்சை விளக்குக்கு முதுகைக் காட்டி, குளிரில் சாவகாசமாகச் சோற்றைப் பிசைந்தாள். ஒரு கையில் தண்ணீர்ச் சொம்போடு வந்த ஜெபசிங், என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.