முப்பத்தொண்ணாந்தேதி நைட்டு

மாலை நாலு மணிக்கு மேனேஜர் நரசிம்மன் ஜூலை மாத வேலைநீக்கப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டால் தாவீதின் வேலை போயிற்று. மாதத்தில் மூன்று நாள் சொல்லாமல் வராத தற்காலிக ஆளை வெட்டிவிடுவது அந்த ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையின் சட்டம். 1991 ஆகஸ்டிலிருந்து யாரை வெட்டுவது என்று சொல்லும் வேலை புதுக் கம்ப்யூட்டருக்கு வந்திருந்தது. அதற்குப் புரோகிராம் எழுதியவள் சசிரேகா.

தாவீது கம்ப்யூட்டர் இருந்த ஏசி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"மேடம், ஜூலைல மூணு வாரமும் புதன்கெழம நைட்டுக்கு லீவு எழுதிக் குடுத்துகிறேன். சூப்பர்வைசர் கையெழுத்து கீது."

புதன்கிழமை வந்திருக்கிறாய், வியாழக்கிழமைதான் காணோம், கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று சசிரேகா வெடுக்கென்று சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர மனசு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பக்கத்து சீட் சுபஸ்ரீ என்னவென்று கேட்டாள்.

"நேத்து நைட்டு ரெண்டு மணி வரைக்கும் தூக்கமே இல்லடி," என்ற வாய் அப்படியே நின்றது.

ரெண்டு மணி நேற்றா? இன்றல்லவா! விடியும்வரை ஊருக்கெல்லாம் அது நேற்று ராத்திரிதான். பாழாய்ப்போன கம்ப்யூட்டருக்குத்தான் பன்னிரண்டு அடித்தால் மறுநாள். நைட் ஷிஃப்ட் தொடங்குவதோ பன்னிரண்டரைக்கு. தாவீதின் புதன்கிழமை நைட்டை அவள் புரோகிராம் வியாழக்கிழமையில் தள்ளியிருக்கிறது. அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நைட் ஷிஃப்ட் என்றால் தேதியில் ஒன்றைக் கழி என்று ஒரு வரி சேர்த்து மறுபடி ஓடவிட்டாள். பிரிண்டர் கறகறவென்று இழுத்தது. தாவீது பெயர் இல்லை. அப்பாடா என்பதற்குள் கீழே புதுப் பெயர் ஒன்று வந்தது. பாபு. அவள் தம்பி, இங்கேயே தற்காலிக ஆள்.

ஜூலையில் இரண்டு நைட்டு சொல்லாமல் மட்டம் போட்டிருக்கிறான். மூன்றாவது, முப்பத்தொண்ணாந்தேதி நைட்டு. அதுவரை அது ஆகஸ்ட் கணக்கில் போய் ஒளிந்திருந்தது. மறுநாள் காலை கண் சிவக்க வந்தவனுக்கு, பாவம், உழைத்துக் களைத்த பிள்ளை என்று இட்லி வைத்தவள் அவள்தான். படவா.

சேர்த்த வரியை எடுத்துவிட்டு, பழைய பட்டியலில் தாவீது பெயரை மட்டும் கையால் நீக்கிவிட்டால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? கை கீபோர்டுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. வாசலில் தாவீது இன்னும் வெறுங்காலோடு நின்றான். பாழும் மனசு கேட்கவில்லை. புதுத் தாளைக் கிழித்துக்கொண்டு போனாள்.

நரசிம்மன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பாபு உன் தம்பி இல்ல? காலைல இவன் பேரு இல்லியேம்மா."

"முப்பத்தொண்ணாந்தேதி நைட்டு அவன் வரல சார்," என்றாள். "எனக்கே இப்பதான் தெரிஞ்சுது. மறுநாள் காலைல வேல பாத்துட்டு வர்றான்னு நான்தான் இட்லி வெச்சேன்."